ஏறினது எட்டு, இறங்கினது ஒன்பதரை

1

அக்காவை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். சோபாவில் மூன்று வாரமாக அவள் உட்கார்ந்த இடம் இன்னும் அமுங்கியே இருக்கிறது. நேற்று அவள் துவைத்துப் போட்ட என் சட்டைகள் வெளியே மூங்கில் கழியில் காய்கின்றன. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் துணியைக் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் காயவைப்போம். பத்தாவது மாடியிலிருந்து என் மனைவி வசந்தி அப்படி நீட்டுவதைப் பார்த்து முதல் நாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுச் சீன அம்மாளுக்கு, எப்படி நீட்டினால் கீழ்வீட்டுத் துணியில் தண்ணீர் சொட்டாது என்று சைகையிலேயே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அக்காவை அனுப்பிவிட்டு வருத்தத்தில் உட்கார்ந்திருப்பான் என்று ஊரில் இருக்கும் நீங்கள் நினைப்பீர்கள். வருத்தம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக ஒரு பயம் இருக்கிறது. பயத்துக்குக் காரணம் அக்காவின் இடது கையில் இருக்கும் புது வாட்ச்.

வசந்தி நேற்று வாங்கிக் கொடுத்தது அது. இதுவரை அக்கா வாட்ச் கட்டியதே இல்லை. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவைத் தாண்டும்முன் அவள் திரும்பிக் கையை ஆட்டினாள். அப்போதுதான் அது பளபளத்தது. எனக்குச் சுருக்கென்றது.

"வசந்தி, அந்த வாட்ச்சுல எந்த ஊர் டைம் வெச்சிருக்கே?"

"ஊர் டைம்தாங்க. அங்க போய் மாத்த அண்ணிக்குத் தெரியாதே. நானே ரெண்டரை மணி நேரம் பின்னால தள்ளி வெச்சுட்டேன்."

நல்ல எண்ணத்தில் செய்தாள், திட்டவும் முடியாது. கதவு மூடிவிட்டது. பதினைந்து வருஷமாக நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்த ஒரு தப்புக் கணக்கு, இந்நேரம் வங்காள விரிகுடாவுக்கு மேலே அக்காவின் கையிலேயே உடைந்துகொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் மகன் அருண் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பத்து வயது. பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ பிறந்த ஊருக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். தூரத்தை அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டான். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நேரம் என்ற இடம் காலியாக இருக்கிறது.

"அத்தை சொன்னதை எழுதவாப்பா, கரெக்டானதை எழுதவா?"

"அத்தை வீட்டுக்குப் போய் போன் பண்ணட்டும். அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் வீடு பல்லாவரத்தில், வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் சாலையைத் தாண்டி இரண்டாவது சந்து. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். பேசிக்கொண்டிருப்பவர்கள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, விமானம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடருவார்கள். சண்டை போடுகிறவர்கள்கூட அப்படித்தான். கை ஓங்கியபடியே காத்திருப்பார்கள். இந்தப் பொறுமையை நான் வேறெந்த ஊரிலும் பார்த்ததில்லை.

அக்கா சரோஜா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தோல் கம்பெனி ஒன்றில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை. அவள் தைத்த ஷூக்கள் எந்தெந்த நாட்டுக்கோ கப்பலேறிப் போயின. அவள் அதிகம் போனால் காஞ்சிபுரம் வரைக்கும் போயிருப்பாள். மாமாவுக்குத் தாம்பரத்தில் ரயில்வே வேலை. வீட்டில் பேச்சு எதுவாக இருந்தாலும் கடைசியில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் நிற்கும்.

எலெக்ட்ரிக் ட்ரெயினை நம்பி வாழ்கிறவர்களுக்குத் தூரம் என்றால் கிலோமீட்டர் இல்லை. எழும்பூர் எவ்வளவு தூரம் என்று பல்லாவரத்தில் யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் என்றுதான் பதில் வரும். அக்காவின் கணக்கு இன்னும் எளிது. எப்போது ஏறினாய், எப்போது இறங்கினாய், கழித்துக்கொள். பீச்சிலிருந்து தாம்பரம் வரை எந்த ஸ்டேஷனுக்கும் இந்தக் கணக்கு பொய்த்ததே இல்லை.

எண்பத்து மூன்றில் நான் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது, அக்கா ஒரு வேன் வைத்துத் தெருவில் பாதியை மீனம்பாக்கத்துக்கு அழைத்து வந்திருந்தாள். நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு எதற்கு வேன் என்று மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"எத்தினி மணிக்குடா போய்ச் சேருவே?" என்று கேட்டாள் அக்கா.

"பத்தரைக்குக் கெளம்பினா சாயங்காலம் அஞ்சுக்கு எறங்கிடும்க்கா."

விரல் விட்டு எண்ணினாள். முகம் சுண்டிவிட்டது. "ஆறரை மணி நேரமா? திருச்சி போற தூரமாச்சேடா!"

அங்கே ஐந்து மணி என்றால் இங்கே இரண்டரை மணி, பயணம் நாலு மணி நேரம்தான் என்று அவளுக்கு விளக்க எனக்கு அப்போது தெரியவில்லை. நானே முதல் தடவை போகிறேன். அதற்கப்புறம் மாமா கடிதம் போட்டிருந்தார். உன் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, தட்டில் கையை வைத்துக்கொண்டு 'ஆறரை மணி நேரம், ஆறரை மணி நேரம்' என்று புலம்புகிறாள், நீயாவது இரண்டு வரி ஆறுதலாக எழுது என்று. படித்துவிட்டு நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். வெளியே வந்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி மணிக்கு ஏறினே?"

"எட்டு மணிக்கு."

"எறங்கினது?"

"ஒன்பதரை."

அழுகை டக்கென்று நின்றது. "ஒன்றரை மணி நேரமா? மெய்யாலுமா? காஞ்சிபுரத்துக்கே ரெண்டு மணி நேரம் ஆவுதேடா!"

வீட்டுக்குப் போனதும் விளக்கப் பார்த்தேன். ஒரு லட்டை உருண்டையான பூமி என்றும் டார்ச் விளக்கைச் சூரியன் என்றும் வைத்து, சிங்கப்பூரில் முதலில் விடிகிறது, பல்லாவரத்தில் அப்புறம் விடிகிறது என்று சுற்றிக் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்றது இன்னான்னு எனக்குப் புரிஞ்சிடுச்சுடா" என்றாள் கடைசியில். "போறப்போ மேடு, வர்றப்போ பள்ளம். குன்றத்தூர் மலைக்கு ஏறப்போ மூச்சு வாங்குது, எறங்கறப்போ கால் தானா வருது இல்ல? அந்த மாதிரி." லட்டை எடுத்து என் வாயில் போட்டாள்.

மாமா தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் அதோடு விட்டுவிட்டேன். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அன்றைக்கு இரவு அவள் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சந்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "தம்பி இங்கதான் கீறான், ஒன்றரை மணி நேரம். கூப்ட்டா வந்துருவான்" என்றாள். இதைப் போய் நான் எதற்குத் திருத்த வேண்டும்? நான் பிரிந்து போகிற தூரம் அவளுக்கு ஆறரை மணி நேரமாகவும், திரும்பி வருகிற தூரம் ஒன்றரை மணி நேரமாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

3

எண்பத்தொன்பதில் அக்காவின் ஒரே மகள் கீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு குன்றத்தூர்.

அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. சந்து முனையில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போன் செய்தால், கடைக்காரர் குரல் கொடுப்பார், அக்கா ஓடி வருவாள். மூச்சு வாங்கிக்கொண்டே சேதியைச் சொன்னாள். "தாய்மாமன் நீதான்டா. நீ வந்து கையப் புடிச்சு இட்டுக்கினு போயி மணையில உக்கார வெச்சாதான் அவ உக்காருவா. சொல்லிட்டேன்."

மறுநாளே விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன். நான் வேலை செய்வது கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில். இந்த ஊரின் ஒழுங்கை நான் மனதார மெச்சுகிறவன். கேட்ட காகிதம் கேட்ட நாளில் கைக்கு வரும். யாரும் நாளைக்கு வா என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த விண்ணப்பத்தில் உறவுமுறை என்ற இடத்தில் தாய், தந்தை, மனைவி, பிள்ளை என்று நாலு கட்டங்கள்தான் இருந்தன. தாய்மாமனுக்குக் கட்டம் இல்லை.

என் மேலதிகாரி லிம் என்கிற சீனர், தங்கமான மனிதர். மணப்பெண்ணுக்கு நீ என்ன உறவு என்று கேட்டார். தாய்மாமன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அங்கிள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுகிறவர் அங்கிள், காப்பி போடுகிறவர் அங்கிள், வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி அங்கிள். ஒரு அங்கிள் போகாவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமா என்று கேட்டார். நின்றுவிடும் என்றேன். அவர் நம்பவில்லை. அந்த மாதம் மூன்று கப்பல்கள் வரிசையில் நின்றன, ஒருவருக்கும் விடுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் சொந்த நாள், அதில் நீ எங்கே போனாலும் நான் கேட்க மாட்டேன், திங்கட்கிழமை காலை இங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தமிழில் ஒரு கல்யாணத்தையே தாங்குகிற சொல், கடல் தாண்டினதும் டாக்ஸிக்காரரோடு போய் உட்கார்ந்துகொண்டதை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது. மருந்துக்கடைக்குப் போன் செய்தேன்.

"அக்கா, லீவு குடுக்கல. ஞாயித்துக்கெழமை ஒருநாள்தான். நான் வர முடியாது போலிருக்கு."

"லீவு எதுக்குடா உனக்கு?" என்றாள் அக்கா. "கல்யாணமே ஞாயித்துக்கெழமைதானே? காலையில எட்டு மணிக்கு ஏறு. ஒன்பதரைக்கு எறங்கு. மாமா காரோட வெளிய நிப்பாரு. பத்து மணிக்கு மண்டபம். பத்தரையிலேர்ந்து பன்னெண்டு முகூர்த்தம். சாப்ட்டுட்டு, ராத்திரி வண்டியப் புடிச்சுப் போயிடு."

"பத்தரையா? ஆறு மணி முகூர்த்தம்னு சொன்னியே?"

"நீ லீவு கெடைக்காதுன்னு இழுப்பேன்னு எனக்குத் தெரியாதா? குன்றத்தூருக்குப் போயி அவங்க வூட்லயே குந்திக்கினு மாத்திட்டு வந்துட்டேன். எங்க தம்பி ஒன்றரை மணி நேரத்துலதான் கீறான், விடியக்காத்தால முகூர்த்தம் வெச்சா எப்டி வருவான், பத்தரைக்கு வெச்சா வந்து நிப்பான்னேன். ஒத்துக்கினாங்க."

அக்கா, அது ஒன்றரை மணி நேரம் இல்லை, நாலு மணி நேரம், உன் திட்டம் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனது கணக்குப் போட்டது. எட்டு மணிக்குக் கிளம்பினால் நாலு மணி நேரம் கழித்து இங்கே பன்னிரண்டு. பன்னிரண்டில் இரண்டரை போனால் அங்கே ஒன்பதரை. சரியாகத்தான் இருக்கிறது! தப்பான வழியில் போய்ச் சரியான இடத்தில் வந்து நிற்கிறாள். ஒரு குடும்பத்தையே உட்காரவைத்துப் பேசி முகூர்த்தத்தையும் நகர்த்தியிருக்கிறாள். நாள் முழுக்க அளவும் கணக்குமாக வேலை பார்க்கிற எனக்கு அது தோன்றவே இல்லையே! போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இன்னாடா சிரிக்கிறே? வர்றியா இல்லியா?"

"வரேன்க்கா."

4

வசந்தியையும் கைக்குழந்தையாக இருந்த அருணையும் விட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு விமானம் ஏறினேன். கைப்பையில் பட்டுவேட்டி, கீதாவுக்கு ஒரு புடவை, சிராங்கூன் சாலைப் பூக்கடையில் கட்டச் சொன்ன ஆர்க்கிட் மாலை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. நாலு மணி நேரமும் நான் உட்காரவில்லை என்றே சொல்ல வேண்டும், இருக்கையின் நுனியில்தான் இருந்தேன்.

மெட்ராஸ் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அப்புறம், கீழே இறங்க இடம் கிடைக்கவில்லை, கொஞ்சம் வட்டமடிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். வேறு வழியில்லாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது அந்தத் தடவைதான். எங்கள் ஊரை முதன்முதலாக மேலேயிருந்து பார்த்தேன். கல் உடைத்த இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற திரிசூலம் மலை. வெயிலில் தகடு மாதிரி கிடக்கும் ஏரிகள். நடுவில் கோடு கிழித்ததுபோல் ரயில் பாதை, அதில் தாம்பரம் பக்கமாக ஊர்ந்து போகும் எலெக்ட்ரிக் ட்ரெயின். விமானத்தையே பார்த்து வளர்ந்த எனக்கு, விமானத்துக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்பது அன்றுதான் தெரிந்தது. அழகாகத்தான் இருக்கிறோம். மண்டபம் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று சுற்று சுற்றினோம்.

அந்த நேரத்தில் மண்டபத்தில் நடந்ததை அப்புறம் பந்தியில் எல்லோரும் சொல்லித் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, ஐயர் பெண்ணைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். தாய்மாமன் வந்தாச்சா என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டிருக்கிறார்.

"வந்துட்டான்" என்றிருக்கிறாள் அக்கா.

"எங்கம்மா?"

அக்கா கையை மேலே காட்டியிருக்கிறாள். எல்லோரும் மண்டபத்தின் கூரையைப் பார்த்திருக்கிறார்கள். "அங்க இல்ல, அதுக்கு மேல. சுத்திக்கினு கீறான். சத்தம் கேக்கல? எறங்கட்டும், அப்பால பொண்ணக் கூப்பிடலாம்."

பாதி மண்டபம் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறது. நாதஸ்வரக்காரர்களும் வந்துவிட்டார்களாம். அது என் விமானம்தானா, வேறு விமானமா என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா விமானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாராம்.

இறங்கியதும் ஓடினேன். சுங்கச் சோதனையில் ஓர் அதிகாரி நிறுத்தினார். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் டிவி, விசிஆர் என்று வண்டி தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டு வந்த காலம் அது. பெட்டியே இல்லாமல் ஓடி வருகிறவன்மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை.

"லக்கேஜ் எங்கே?"

"இது மட்டும்தான் சார்."

"சிங்கப்பூர்லேர்ந்து வெறுங்கையோடவா? பையத் தொறங்க."

திறந்தேன். மேலாகவே மாலை இருந்தது. "கல்யாணம் சார். பத்தரை முகூர்த்தம். பொண்ணுக்கு நான் தாய்மாமன்."

அவர் முகம் மாறிய விதத்தை இன்னும் மறக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தாய்மாமனா? அத மொதல்ல சொல்றதில்ல? மணி என்ன ஆவுது பாருங்க. ஏம்ப்பா, வழி விடுங்க, வழி விடுங்க! சார், மாலைய கசக்காம எடுத்துட்டுப் போங்க."

அங்கே நாலு கட்டத்திலும் அடங்காத சொல் இங்கே கதவையே திறந்தது. மாமா வெளியே அம்பாசிடரோடு நின்றிருந்தார். "ஓடியா மச்சான்!" என்று கத்தினார். வண்டியிலேயே வேட்டி கட்டிக்கொண்டேன். மண்டப வாசலில் அக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. "எங்க போனே இவ்ளோ நேரம்?" என்று அதட்டிவிட்டு, என் வேட்டி மடிப்பைச் சரிசெய்தாள். நான் கீதாவுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அவள் கை சில்லென்று இருந்தது. மணையில் உட்கார்ந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா மாமா" என்றாள்.

பந்தியில் அக்கா என்னை எல்லோருக்கும் காட்டினாள். "காலையில எட்டு மணிக்கு சிங்கப்பூர்ல காப்பி குடிச்சான், ஒன்றரை மணி நேரத்துல இங்க." மாப்பிள்ளை வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். "அது வந்தும்மா, அந்த ஊரு நேரம் வேற…" என்று தொடங்கினார். நான் அவர் இலையில் இரண்டு ஜாங்கிரியை வைத்து, "சார், சாப்பிடுங்க சார், ஆறிடப் போகுது" என்றேன். ஜாங்கிரி எப்படி ஆறும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

5

அதற்கப்புறம் பல ஆண்டுகள் கூப்பிட்டும் அக்கா இங்கே வரவில்லை. நான் போவதும் வருவதுமாக இருந்தேன். மெட்ராஸ் சென்னை ஆகிவிட்டது, பல்லாவரத்து வீட்டுக்குப் போன் வந்துவிட்டது, மாமா ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம்தான் மனது வைத்தாள். மாமா வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

அவள் வந்து இறங்கியபோது, கணக்கு உடைந்துவிடுமோ என்று எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனால் வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டு வழியெல்லாம் தூங்கியிருக்கிறாள். இங்கே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும், "ஏறினது பத்தரை, இப்போ அஞ்சு. ஆறரை மணி நேரம், நான் சொன்னது சரியாத்தான கீது?" என்றாள். சரி என்றேன். உயிர் வந்தது.

அருணுக்கு அவளைப் பார்க்க முதலில் கூச்சம். அவன் பேசுவதெல்லாம் ஆங்கிலம். தமிழ் அவனுக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். நான் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவான். இவனுக்கும் பல்லாவரத்துக்கும் இனி ஒரு தொடர்பும் இருக்காது என்று நான் நினைத்து வருந்திய நாட்கள் உண்டு. அத்தை வந்த பத்தாவது நாள் பள்ளியிலிருந்து தமிழ்க் கட்டுரை நோட்டு வந்தது. 'எங்கள் வீட்டு விருந்தினர்' என்று தலைப்பு. 'என் அத்தை இப்போ எங்க வூட்ல கீறாங்க. ரொம்ப ஜோரா கீது' என்று எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, வீட்டில் நல்ல தமிழ் பேசவும் என்று எழுதியிருந்தார். வசந்தி இங்கே பிறந்து வளர்ந்தவள், பசியாறியாச்சா என்று கேட்கிற சிங்கப்பூர்த் தமிழ் அவளுடையது. அவளுக்குக் கவலையாகிவிட்டது. எனக்கு அன்று முழுக்கச் சிரிப்புத் தாங்கவில்லை.

நேற்று மாலை வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு அவன் நேராக அத்தையிடம் போனான். போக ஆறரை, வர ஒன்றரை என்றாள் அவள். அவன் பூமி உருண்டையைக் கொண்டுவந்து, "இல்ல அத்தை, டைம் ஸோன்" என்று ஆரம்பித்தான். நான் சமையலறையிலிருந்து ஓடி வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஆனா அது தப்புப்பா" என்றான்.

"தப்புதான். இருந்துட்டுப் போகட்டும்."

அவனுக்குப் புரியவில்லை. அவனைக் கட்டுப்படுத்திவிட்ட திருப்தியில் நானும் வாட்ச்சைக் கவனிக்கவில்லை.

6

இதோ போன் அடித்தது. இனி எழுதுவது போனை வைத்த பிறகு எழுதுவது.

"வந்து சேந்துட்டேன்டா" என்றாள் அக்கா. "மாமா வந்து இட்டாந்தாரு."

"நல்லபடியா போனியா? தூங்கினியாக்கா?"

"எங்க தூங்கறது?"

ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவள் தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. போன் வழியாக எனக்கும் கேட்டது. அது போகும்வரை இரண்டு பேரும் பல்லாவரத்து வழக்கப்படி காத்திருந்தோம்.

"ஏறி உக்காந்தப்போ வெளிய வெயிலு சுள்ளுனு அடிக்குது. ஏர்போர்ட்ல எட்டு மணி பாத்துட்டுத்தான் ஏறினேன், வாட்ச்சப் பாத்தா அஞ்சரை. புது வாட்ச்சு, அதுக்குள்ள ரிப்பேரான்னு பேஜாரா ஆயிடுச்சு. வசந்தி மனசு கஷ்டப்படுமேன்னு நெனைச்சேன். அப்பால பாத்தா முள்ளு பாட்டுக்கு ஓடிக்கினே கீது. கீழ வெறும் தண்ணிடா மூர்த்தி. எப்போ எட்டிப் பாத்தாலும் தண்ணி. ஒன்றரை மணி நேரம் எப்பவோ தாண்டிடுச்சு, ஊரு வரவே இல்ல. எறங்கினா, ஏர்போர்ட் கெடியாரமும் ஒன்பதரை, என் வாட்ச்சும் ஒன்பதரை."

அருண் பென்சிலோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"நாலு மணி நேரம்டா" என்றாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருஷம் என்னை ஏமாற்றினாயே என்பாள், இவ்வளவு தூரத்தில் போய் இருக்கிறாயே என்று பழையபடி சாப்பாட்டை விட்டுவிடுவாள் என்றெல்லாம் பயந்தேன். ஆனால் வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"கீதா கல்யாணத்துக்கு இம்மாந் தண்ணியத் தாண்டியாடா வந்தே? வந்து, ஒரு வாய் சாப்ட்டு, அன்னிக்கே திரும்பிப் போனியே. நான் பாட்டுக்கு, லீவு எதுக்குடா, வாடான்னுட்டேன். வாசல்ல நிக்க வெச்சு, எங்க போனேன்னு அதட்டினேனேடா."

"ஒன்றரை மணி நேரம்தான்க்கா" என்றேன். "ஏறினது எட்டு, எறங்கினது ஒன்பதரை. கழிச்சுப் பாரு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் சிரித்தாள்.

"பொய் சொல்லாதடா. கையில வாட்ச்சு கட்டிக்கினு கீறேன்."